குடிநோயும் இணைப்புச் செவிலியும்



சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழகத்தின் எல்லையைக் கடந்ததும் தடா என்னும் ஊர் வருகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால் வரதய்யபாளையம். 2022ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் அமைக்கப்பெற்ற திருப்பதி மாவட்டத்தில் இப்போது அடங்கியிருக்கிறது. தெலுங்கும் தமிழும் ஒரே கடைத்தெருவில் கலந்து ஒலிக்கும் எல்லைப்புறம் இது. 2008ஆம் ஆண்டு முதல் அருகே வளர்ந்துவரும் ஸ்ரீசிட்டித் தொழில் நகரம் பல மாநிலத்துத் தொழிலாளரையும் இப்பக்கம் ஈர்த்திருக்கிறது.

இத்தகைய ஓர் ஊரில் பிழைப்புத் தேடி வந்த தமிழ்த் தொழிலாளி ஒருவரை எண்ணிப் பார்ப்போம். இரு சக்கர வண்டியிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்துவிட்டது. மருத்துவமனையில் சேர்க்கிறார்கள், எலும்பைப் பொருத்திக் கட்டுப் போடுகிறார்கள். முதல் நாள் கை லேசாக நடுங்குகிறது. வலியினால் இருக்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மூன்றாம் நாள் இரவு அவர் கட்டிலிலிருந்து இறங்கி ஓட முயல்கிறார். சுவரில் பூச்சிகள் ஊர்கின்றன என்கிறார். எதிரில் இல்லாதவரோடு பேசுகிறார். உடல் வியர்த்துக் கொட்டுகிறது. காற்றுக் கருப்பு பட்டுவிட்டது என்கிறாள் மனைவி. தலையிலும் அடிபட்டிருக்கும் என்கிறார் பக்கத்துக் கட்டில்காரர். கடைசியில் அவருடைய கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டுகிறார்கள்.

நடந்தது இதுதான். பதினைந்து ஆண்டுகளாக நாள் தவறாமல் குடித்து வந்தவர் அவர். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்த நாள்முதல் குடி நின்றுவிட்டது. "கடைசியாகக் குடித்தது எப்போது, ஐயா?" என்று அவர் வந்து சேர்ந்த அன்றே ஒருவர் கேட்டிருந்தால் அந்த இரவைத் தடுத்திருக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்பதையே தம் கடமையாகக் கொண்ட ஒரு செவிலியைப் பற்றியும், அவருடைய பணி உருவான வரலாற்றைப் பற்றியும் இன்று நாம் சிறிது சிந்திக்கலாம்.

முதலில் சட்டத்தின் வரலாற்றைப் பார்ப்போம். ஏனெனில் குடியை எதிர்த்து நம் முன்னோர் செய்த முயற்சியில் சித்தூர் மாவட்டத்துக்குத் தனியிடம் உண்டு. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆயத்தீர்வைச் சட்டத்தின் கீழ்க் கள்ளும் சாராயமும் அரசாங்கத்துக்குப் பெருவருவாய் தரும் பொருள்களாயிருந்தன. ராஜாஜி, திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்திலிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் பத்திரிகையை மதுவிலக்குக்கென்றே நடத்தியவர். அவர் 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானார். அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அடுத்த ஆண்டு அதே நாளில் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும், 1939 அக்டோபரில் வட ஆர்க்காட்டுக்கும் அது பரவிற்று. இழந்த வருவாயை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி பிறந்தது. நாம் இன்று கடையில் செலுத்தும் வரியின் மூதாதை மதுவிலக்கோடு உடன்பிறந்தது என்பதைப் பலர் அறியார்.

அவ்வாண்டின் இறுதியில் காங்கிரஸ் மந்திரி சபை பதவி விலகியது. போர்க்காலத்தில் மதுவிலக்கு நிறுத்திவைக்கப்பட்டது. பின்னர் 1946 முதல் படிப்படியாக மீண்டு, 1948 அக்டோபர் 2ஆம் நாள் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் மாகாணம் முழுவதையும் அது தழுவியது. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. மதுவிலக்கை நடத்திய முறை பற்றிய பூசலிலேயே பிரகாசம் பந்துலுவின் ஆட்சி 1954 நவம்பரில் ஒரே வாக்கு வித்தியாசத்தில் கவிழ்ந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் எல்லைகள் திருத்தப்பட்டுத் திருத்தணி நம் பக்கம் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்கள் சில ஆந்திரம் சேர்ந்தன. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஆந்திரத்திலும், 1971இல் தமிழகத்திலும் மதுவிலக்குத் தளர்ந்தது.

அதன்பின் இந்த எல்லைப்புறத்துக்கு அண்டையிலே, நெல்லூர் மாவட்டத்தில், பெண்கள் எழுந்தனர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்புகளில் எழுத்துக் கற்ற கிராமப் பெண்கள், பாடப் புத்தகத்தில் சாராயத்தால் அழிந்த ஒரு குடும்பத்தின் கதையைப் படித்துத் தங்கள் கதையையே அதில் கண்டனர். தூபகுண்டா என்னும் சிற்றூரில் வர்தினேனி ரோசம்மா முதலியோர் சாராயக் கடையை மூடச் செய்தனர். 1992இல் அந்தத் தீ மாநிலமெங்கும் பரவிற்று. 1993 அக்டோபரில் சாராயம் தடுக்கப்பட்டது. 1995 ஜனவரி 16ஆம் நாள் முதல் முழு மதுவிலக்கு நடப்புக்கு வந்தது. 1997இல் அது தளர்த்தப்பட்டது.

இந்த வரலாற்றை நாம் பெருமையோடு நினைக்கிறோம். ராஜாஜியின் உறுதியையும், ரோசம்மா போன்றோரின் துணிவையும் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. கடை மூடிய ஊரில் கூலி வீடு வந்து சேர்ந்தது, அடுப்பு எரிந்தது, அடி உதை குறைந்தது. ஆயினும் கடை மூடிய அன்று இரவு, பல்லாண்டு குடித்துப் பழகிய ஒருவனுடைய உடம்புக்குள் என்ன நிகழ்கிறது என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடையில்லை. கடை திறந்திருந்த காலத்திலும் மூடியிருந்த காலத்திலும் அம்மனிதன் மருத்துவமனைக்கு வந்துகொண்டுதான் இருந்தான். வீங்கிய வயிற்றோடு வந்தான். இரத்த வாந்தியோடு வந்தான். முறிந்த காலோடு வந்தான். ஈரலுக்கும் எலும்புக்கும் மருந்து கிடைத்தது. அவனுடைய குடியைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லை.

மருத்துவ நூலோர் இதனை அறிய நெடுங்காலம் பிடித்தது. நடுக்கமும் பிதற்றலும் கலந்த அந்நிலையை 1813இல் தாமஸ் சட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் தனிநோயாகப் பிரித்துப் பெயரிட்டார். கண் ஓட்டம் நிலைகுலைந்து, நடை தள்ளாடி, அறிவு மயங்கும் மற்றொரு நிலையை 1881இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே விவரித்தார். தயமின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவே அதற்குக் காரணம் என்பது பிற்காலத்தில் தெளிந்தது. வலிப்பும் பிதற்றலும் குடித்ததனால் வருகின்றனவா, குடியை விட்டதனால் வருகின்றனவா என்ற ஐயம் வெகுநாள் இருந்தது. 1955இல் அமெரிக்காவின் லெக்சிங்டன் நகரில் ஹாரிஸ் இஸ்பெல் முதலியோர் நடத்திய ஆராய்ச்சி அதைத் தீர்த்துவைத்தது. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர்களுக்கு, திடீரென நிறுத்தியதுமே இத்தொல்லைகள் தோன்றின. 1960இல் குளோர்டயசெபாக்சைடு என்னும் மருந்து வந்தபின், அத்தொல்லையைப் படிப்படியாகத் தணித்து உடலை மீட்பது எளிதாயிற்று.

இங்கே நேயர்கள் ஒன்றை நன்கு மனத்தில் கொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் "இன்றே விட்டேன்" என்று வீட்டில் தனியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் பிதற்றல் தொடங்கலாம். எனவே விட விரும்புபவரை வாழ்த்துவதோடு நின்றுவிடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே உறவினரின் கடமை.

அறிவு வந்தது, மருந்தும் வந்தது. இவ்விரண்டையும் நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து சேர்ப்பவர் யார்? இதற்கு விடையாக முதலில் தோன்றியவர் செவிலித் தொழில் கற்றவரல்லர், ஒரு கன்னிகாஸ்திரீ. அயர்லாந்தில் 1889இல் பிறந்த சகோதரி இக்னேஷியா, இசை கற்பித்துவந்து, உடல்நலம் குன்றியதால் அமெரிக்காவின் ஆக்ரன் நகரிலுள்ள புனித தாமஸ் மருத்துவமனையில் நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும் அலுவலில் அமர்ந்தவர். குடிகாரருக்குக் கட்டில் தருவதை மருத்துவமனைகள் விரும்பாத காலம் அது. தாமும் குடியிலிருந்து மீண்டவரான டாக்டர் பாப் ஸ்மித் 1939இல் ஒரு நோயாளியோடு வந்தபோது, சகோதரி அவரை இரைப்பை அழற்சி என்று பதிவு செய்து சேர்த்துக்கொண்டார். பூக்களை ஒழுங்கு செய்யும் சிற்றறையில் அவருக்கு இடம் அளிக்கப்பட்டது. 1950இல் டாக்டர் பாப் மறையும் வரை இருவரும் சேர்ந்து ஏறத்தாழ 5,000 பேருக்குத் துணைநின்றனர் என்பர். கட்டிலில் கிடப்பவரிடம், குடியை விட்டு வாழ்பவர்களை அழைத்துவந்து பேசச் செய்ததே அச்சகோதரி கண்ட வழி. மருத்துவமனைக்கும் வெளியிலுள்ள துணைக்கும் அவர் பாலமானார்.

இம்முறை பயன் தருகிறதா என்பதை அளந்து பார்த்த ஊர் ஸ்காட்லாந்தின் எடின்பரோ. அங்கே ஜோனதன் சிக் முதலிய மருத்துவர்கள் 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வேறு நோய்களுக்காகப் பொது வார்டுகளில் சேர்ந்திருந்த ஆடவருள், குடியால் தொல்லைப்பட்ட 150க்கு மேற்பட்டவர்களை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினரிடம் ஒரு செவிலி ஒரே ஒருமுறை அமர்ந்து அவர்களுடைய குடியைப் பற்றிப் பேசினார். மறு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராரும் குடியைக் குறைத்திருந்தனர். ஆயினும் செவிலியோடு பேசியவர்களிடம் குடியினால் விளையும் இடர்கள் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஒருமுறை நிகழ்ந்த உரையாடலின் பயன் அது. இத்தகைய சான்றுகளின் துணையோடு பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் மதுப்பழக்க இணைப்புச் செவிலி என்னும் பதவி நாளடைவில் நிலைபெற்றது.

அச்செவிலி செய்வது என்ன? காலையில் வார்டு வார்டாகச் சென்று புதிதாக வந்தவர்களைக் காண்கிறார். "நீ குடிகாரனா?" என்று அவர் கேட்பதில்லை. வாரத்தில் எத்தனை நாள், ஒரு நாளில் எவ்வளவு, காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, குடித்தபோது நடந்தது மறந்துபோவதுண்டா என்று, உணவையும் உறக்கத்தையும் விசாரிப்பது போலவே விசாரிக்கிறார். உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியால் 1989இல் உருவான பத்துக் கேள்விகள் அடங்கிய பட்டியல் அவருக்குத் துணை. நடுக்கம், வியர்வை, பதற்றம் முதலியவற்றை மணிக்கணக்கில் மதிப்பிட மற்றொரு பட்டியல் உண்டு. மதிப்பு ஏறினால் மருத்துவருக்குத் தெரிவித்து மருந்தின் அளவைத் திருத்தச் செய்கிறார். குளுகோஸ் ஏற்றுமுன் தயமின் ஊசி போடப்பட்டதா என்று பார்க்கிறார். நோயாளி தெளிந்தபின் அருகில் அமர்ந்து பேசுகிறார். வீடு திரும்பும் நாளில், அடுத்து யாரிடம் செல்ல வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதி, குடும்பத்தாரிடமும் விளக்குகிறார். வார்டுச் செவிலியருக்கும் கற்பிக்கிறார். ஏனெனில் அவர் இல்லாத இரவிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட வேண்டும்.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரத்திலும் மருந்தை 95ஆம் அதிகாரத்திலும் வைத்தார். கள்ளில் மூழ்கியிருப்பவனிடம் நியாயம் பேசுவதன் வீண்மையை முன்னதில் சொன்ன அவரே, பின்னதில் மருத்துவத்தின் நான்கு உறுப்புகளுள் ஒன்றாக, நோயாளியின் அருகிருந்து பணிபுரியும் உழைச்செல்வானையும் வைத்தார். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணினால் நம் பொருள் விளங்கும். மருத்துவமனைக் கட்டில் என்பது மூழ்கியவன் கரையேறிய இடம். பல ஆண்டுகளில் முதன்முறையாக அவன் தெளிந்த அறிவோடு, அச்சத்தோடு, கேட்கும் செவியோடு இருக்கிறான். அந்தச் சில நாட்களே பேசத் தக்க காலம். அதைத் தவறவிட்டால் அவன் வீடு திரும்பும் வழியிலேயே கடை இருக்கிறது.

நம் நாட்டிலும் இப்பணி வேரூன்றியிருக்கிறது. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், அத்துயரைத் தொண்டாக மாற்றி, 1980இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நோயாளிக்கு மட்டுமன்றி மனைவிக்கும் பெற்றோருக்கும் ஆலோசனை வழங்குவது அதன் நெறி. 1989இல் தஞ்சைத் தரணியின் மஞ்சக்குடியில் கிராமத்திலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை அளிக்கும் முறையையும் அது தொடங்கிற்று. 1992இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. மத்திய அரசாங்கமும் 1980களின் பிற்பகுதியில் போதை மீட்புத் திட்டத்தை வகுத்தது. தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் தேசியப் போதைச் சார்பு சிகிச்சை மையம் இயங்குகிறது.

ஆயினும் தேவை பெரிது. அம்மையம் நடத்தி 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியருள் 14.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர், மது அருந்துகின்றனர். மதுவுக்கு அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகக் கூறினார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எஞ்சியோர் மருத்துவமனையையே காணாதவர் என்று கொள்ளலாகாது. அவர்களில் பலர் வேறு நோய்க்காக அங்கே வந்து போனவர்களே. நம் நாட்டுப் பெரும்பாலான மருத்துவமனைகளில் இணைப்புச் செவிலி என்ற பெயரில் தனிப் பதவி இல்லை. மனமுவந்து கேட்கும் ஒரு செவிலியோ, சமூகப் பணியாளரோ அவ்வேலையைத் தம் மற்ற வேலைகளுக்கிடையே செய்துவருகின்றனர்.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. நோயாளிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். செவிலிக்குத் தெலுங்கோ இந்தியோ மராத்தியோ தெரியும். இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் யார்? பெரும்பாலும் வேலை கொடுத்த மேஸ்திரி. அல்லது பள்ளியில் அம்மொழி கற்ற பத்து வயது மகன். மேஸ்திரியின் முன் "தினமும் குடிக்கிறேன்" என்று சொன்னால் வேலை போகுமென்று அஞ்சி, அம்மனிதர் "இல்லை" என்பார். மகன் முன்னிலையில் வெட்கி, "எப்போதாவது" என்பார். அந்த ஒரு சொல் பொய்யாய்ப் போவதால் மூன்றாம் இரவில் அவருடைய கைகள் கட்டப்படுகின்றன. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை எண்ணி மிகவும் வருந்துகிறோம். அலுவலகக் கோப்பில் ஒரு சொல் பிழைத்தால் திருத்தம் வெளியிட்டுவிடலாம். இங்கே பிழைக்கும் சொல்லுக்குத் திருத்தம் வெளியிட நேரமிராது.

ஆதலின் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் ஊரில் ஒரு தமிழர் மருத்துவமனையில் சேர்ந்தால், முதலாளியையும் குழந்தையையும் விலக்கிவிட்டு, நம்பத்தகுந்த ஒருவர் அவருக்காகப் பேசச் செல்லுங்கள். குடி உண்டாயின் உள்ளதை உள்ளபடி செவிலியிடம் சொல்லுங்கள். அதை இரகசியமாகக் காப்பது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிக்கு அளித்துள்ள உரிமை. அருகில் ஒருவரும் இல்லையெனில், 14446 என்னும் தேசியப் போதை மீட்பு உதவி எண்ணும், தமிழிலும் ஆலோசனை தரும் 14416 என்னும் மனநல உதவி எண்ணும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

அரசாங்கக் கடிதங்களில் தொடர்பு அலுவலர் என்றே எழுதிப் பழகிய நமக்கு, இணைப்புச் செவிலி என்ற தொடரில் பிந்திய சொல்லே மிகவும் பொருந்துகிறது. சங்க அகப்பாடல்களில் செவிலி என்பவள் பெறாத தாய். வளர்த்த மகள் காதலனோடு சென்றுவிட்டால், பாலை வழியிலே அவளைத் தேடிப் புறப்படுபவள் அவளே. எதிர்ப்படும் அந்தணரைப் பார்த்து, "என் மகளைக் கண்டீர்களோ?" என்று வினவும் செவிலியைக் கலித்தொகையில் காண்கிறோம். பெற்ற கடன் இல்லாமலே தேடிச் செல்பவள் என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ளலாம். வரதய்யபாளையத்துத் தொழிலாளியின் கட்டிலருகே வந்து அமர்ந்து, "கடைசியாகக் குடித்தது எப்போது, ஐயா?" என்று கேட்பவரும் வழி தவறிய ஒருவரைத் தேடி வந்தவரே. அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவி, கேட்ட கேள்விக்கு உண்மையான விடை சொல்வது.